பத்து நாற்காலியும் ஒரு சுவரும்

மருந்து வீடு தேடிப் போகத் தொடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில், முதியவர்களின் கால் வலுவுக்கு யார் பொறுப்பு?

ஓசூர் பேருந்து நிலையத்தில் எந்த நாளும் பார்க்கக்கூடிய காட்சி இது. காலை பத்தரை மணி. கம்பெனிக்குப் போகிற கூட்டமும் பள்ளிக்கூடக் கூட்டமும் வடிந்துபோன நேரம். கிராமத்துக்குத் திரும்பும் டவுன் பஸ் வந்து நிற்கிறது. எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பையை முதலில் படியில் வைக்கிறார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்கிறார். வலது கால் படிக்கு வந்துவிட்டது. இடது கால் தரையை விட்டு எழ மறுக்கிறது. ‘சீக்கிரம் ஏறும்மா’ என்று கண்டக்டர் குரல் கொடுப்பதற்குள், பின்னால் நிற்கும் கல்லூரிப் பெண் முழங்கையைத் தாங்கி உயர்த்திவிடுகிறாள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. படி மட்டும் பழைய உயரத்திலேயே இருக்கிறது. காசில்லாமல் வீட்டில் முடங்கியவர்களை ஓர் அரசாணை வெளியே கொண்டுவந்துவிட்டது. படி ஏற முடியாமல் முடங்குகிறவர்களுக்கு அப்படி ஓர் ஆணை போட்டுவிட முடியாது.

அந்தப் பாட்டிக்கு ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால், மாத்திரை அவர் வீட்டுக்கே வந்திருக்கும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். 2022 டிசம்பருக்குள் ஒரு கோடிப் பேரை எட்டியது, 2024இல் ஐ.நா.வின் விருதும் பெற்றது. அந்தத் திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. ஆனால் அது யாரைத் தேடி வருகிறது? பக்கவாதம் வந்தவர், விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர், படுக்கையில் கிடப்பவர். இவை தேவையான வருகைகள்தாம். நன்றாக நடமாடுகிறவருக்கும் படுக்கையில் கிடப்பவருக்கும் நடுவில் ஒரு பெரும் கூட்டம் இருக்கிறது: பஸ் படியில் தடுமாறுகிறவர், நாற்காலிக் கையை ஊன்றாமல் எழ முடியாதவர், குளியலறைக்குப் போகச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறவர். இந்தக் கூட்டத்துக்கு மாத்திரை கிடையாது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், பத்துப் பேர் கூடி, கருவி அதிகம் இல்லாமல், விவரம் தெரிந்த ஒருவர் நடத்தும் வலுப் பயிற்சிதான் அவர்களுக்கான மருந்து. அதற்கு வேண்டிய அமைப்பு வேறெங்கும் இருப்பதைவிட இந்த மாவட்டத்தில் தயாராக இருக்கிறது என்பதும், குறைவது கருவி இல்லை, நடத்துகிற ஆள்தான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஒரே நேரத்தில் மூப்படையும் ஊர்

தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021இல் 13.6 விழுக்காடு. 2031இல் இது 18.2 ஆகும் என்பது அரசின் கணிப்பு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஓசூருக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. சிப்காட் 1971இல் உருவாகி, வறண்ட எல்லையோர ஊரான ஓசூரில் தொழிற்பேட்டையை எழுப்பியது. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன் கடிகார ஆலையும் வந்தது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் இருபது வயதுப் பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். 1980இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் 2018இல் 58 வயதில் ஓய்வுபெற்றிருப்பார்; 2025இல் அவருக்கு வயது 65. ஆக, ஒரு தலைமுறைத் தொழிலாளர்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் முதுமைக்குள் நுழைகிறார்கள். மற்ற ஊர்களில் முதுமை சொட்டுச் சொட்டாக வரும். இங்கே ஒரு ஷிப்டு முடிந்து வாசல் திறந்ததுபோல மொத்தமாக வருகிறது.

இவர்களோடு இன்னும் இரண்டு வகையினர். பிள்ளைகள் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருப் பக்கம் வேலைக்குப் போய்வர, பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து அடுக்குமாடிகளில் தங்கியிருக்கும் தாத்தா பாட்டிகள் ஒரு வகை. தளி, கெலமங்கலம், ராயக்கோட்டை, சூளகிரிப் பக்கம் பூந்தோட்டத்திலும் கேழ்வரகுக் காட்டிலும் குனிந்தே வாழ்க்கையைக் கழித்தவர்கள் இன்னொரு வகை. தொழிலாளிக்கு முட்டி, பாட்டிக்குத் தனிமை, கூலிக்காரருக்கு இடுப்பு என்று நோவு வேறுபடலாம். தொடைத் தசை கரைவது மூவருக்கும் பொது. நடுவயதிலேயே தொடங்கும் இந்தக் கரைதல் அறுபதுக்குப் பிறகு வேகமெடுக்கிறது. தசையின் அளவு குறைவதைவிட அதன் வலு வேகமாகக் குறைகிறது. சட்டென்று கால் வைத்துச் சமாளிக்கும் வேகமோ அதைவிடவும் முன்னதாகப் போய்விடுகிறது. தடுக்கினால் விழாமல் நிற்க வேண்டியது அந்த வேகம்தான். உலகில் 65 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நடைப்பயிற்சி போதாதா?

முதலில் எழும் கேள்வி இது. மருத்துவர் ‘நடங்க’ என்கிறார். அரசும் 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. நடப்பது நெஞ்சுக்கும் சர்க்கரைக்கும் நல்லது, அதில் சந்தேகமில்லை. விழாமல் இருக்க அது போதுமா என்பதுதான் கேள்வி. 2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 108 ஆய்வுகளை, 23,407 முதியவர்களின் விவரங்களோடு அலசியது. பொதுவாக உடற்பயிற்சி விழுதலை 23 விழுக்காடு குறைத்தது. சமநிலைப் பயிற்சியும் வலுப் பயிற்சியும் சேர்ந்திருந்தால் குறைவு 34 விழுக்காடு. நடைப்பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் விழுதல் குறைந்ததா என்று உறுதியாகச் சொல்ல அந்த ஆய்வால் முடியவில்லை. எடை தூக்குவதை மட்டும் செய்தவர்களைப் பற்றியும் அதே நிலைதான். இதைச் சொல்லாமல் விட்டால் வலுப் பயிற்சிக்காக வாதாடுகிற நான் பாதி உண்மையை மறைத்தவன் ஆவேன். இரண்டும் சேர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்போடு, சமநிலையும் வலுவும் கலந்த பயிற்சியை வாரம் மூன்று நாளாவது செய்யச் சொல்வது இதனால்தான்.

வயதாகிவிட்டால் தசை திரும்ப வளருமா என்ற ஐயத்துக்கு 1990லேயே பதில் வந்துவிட்டது. அமெரிக்காவின் மரியா ஃபியாடரோனேயும் அவர் குழுவும் சராசரியாகத் தொண்ணூறு வயதான, பராமரிப்பு இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடுமையான வலுப் பயிற்சி கொடுத்தார்கள். தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. பத்துப் பேரை மட்டும் வைத்த சிறிய ஆய்வு என்பதால் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டாம். ஆனால் முழுதாகக் கரைந்துபோனதாக நினைத்த தசைக்குள் பதில் சொல்லும் திறன் இருந்தது என்பது அன்று தெரிந்தது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலுவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு போய்விட்டது என்பதும் அதே ஆய்வின் செய்தி. எனவே பத்து நாள் முகாம், சுதந்திர தினச் சிறப்பு நிகழ்ச்சி, ஒரு நாள் மருத்துவ முகாமில் இரண்டு ஆசனம் எல்லாம் புகைப்படத்துக்கு உதவும், தொடைக்கு உதவாது. 2014இல் வெளியான ‘லைஃப்’ ஆய்வில் 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேரை இரண்டரை ஆண்டுக்கு மேல் தொடர்ந்தார்கள். நடை, கணுக்கால் எடை, சமநிலை ஆகியவற்றைத் தொடர்ந்து செய்தவர்களிடம் நடக்கும் திறனை இழக்கும் வாய்ப்பு 18 விழுக்காடு குறைவாக இருந்தது. திகைக்க வைக்கும் எண் இல்லை. ஆனால் நடக்கும் திறனைக் காக்கும் மாத்திரை எதுவும் மருந்துக்கடையில் இல்லாதபோது, பதினெட்டு சிறிய எண்ணும் இல்லை.

பெட்டிச் செய்தி: 30 விநாடியில் ஒரு சோதனை

கை இல்லாத, ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60-64 வயதில் ஆண்கள் 14, பெண்கள் 12. 65-69 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 11. 70-74 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 10. இதற்குக் குறைந்தால் விழும் அபாயம் அதிகம் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கொள்கிறது. அந்த நாட்டு உடல்களை வைத்து வகுத்த அளவு இது. நம் ஊரில் அடுத்தவரோடு ஒப்பிடுவதைவிட மூன்று மாதம் முன்பிருந்த தன்னோடு ஒப்பிடுவதே பயன். ஒருவர் பக்கத்தில் நிற்காமல் செய்யக் கூடாது.

கருவி மலிவு, நடத்தும் கண் அரிது

‘ஜிம்’ என்றதும் கண்ணாடிச் சுவரும் இயந்திரமும் நினைவுக்கு வருவதால், முதியவர்களுக்கு என்று கேட்டாலும் பூங்காவில் நாலு இரும்புக் கருவி நட்டுவிட்டுப் போகிற பழக்கம் வந்துவிட்டது. வெயிலில் காயும் அந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றில் எடையைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. எண்பது வயதுக்காரருக்கும் எட்டு வயதுப் பேரனுக்கும் ஒரே சுமை. பேரன்தான் ஏறி விளையாடுகிறான். எப்படிச் செய்வது என்று சொல்லித்தர ஆளும் கிடையாது. இதற்கு நேர் எதிரான வழியை ஜப்பானின் கோச்சி நகரம் 2002இல் எடுத்தது. ‘இகிஇகி ஹியாகுசாய்’ என்று அவர்கள் சொல்லும் பயிற்சிக்கு வேண்டியது ஒரு நாற்காலி, கையிலும் காலிலும் கட்டிக்கொள்ள ஒரு எடைப்பட்டை. பட்டையில் சிறு கட்டிகளைச் செருகிச் செருகி 2.2 கிலோ வரை கூட்டலாம். ஊர்ப் பொதுக்கூடத்தில் அக்கம்பக்கத்து முதியவர்களே கூடி, தங்களுக்குள் ஒருவர் முன்னின்று நடத்துவார்கள். நகராட்சி ஊழியர் தொடக்கத்தில் வந்து சொல்லித்தந்துவிட்டு விலகிக்கொள்வார். ஒரு நகரத்தில் தொடங்கியது இன்று ஜப்பான் முழுக்கப் பரவியிருக்கிறது. கோச்சியின் புத்திசாலித்தனம் பட்டையில் இல்லை. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட முடிந்ததிலும், கூட்டச் சொல்லும் பொறுப்பை ஒருவர் கையில் கொடுத்ததிலும்தான் இருக்கிறது.

நடத்துகிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சற்றுக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இந்த விஷயத்தின் உயிர் அங்கேதான். நாற்காலியிலிருந்து எழும் ஒரே பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எழுந்திருங்க’ என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் கையை ஊன்றி, மூச்சை அடக்கி, உடம்பை வீசி எழுவார்கள். தெரிந்தவர் வேறு மாதிரி சொல்வார்: நாற்காலியின் முன்விளிம்புக்கு வாங்க, பாதத்தை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுங்க, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாயுங்க, இப்போ தரையை அமுக்கி எழுங்க, உட்காரும்போது தொப்பென்று விழாம மூணு எண்ணி இறங்குங்க. அந்த இறக்கத்தில்தான் தொடைக்கு அதிக வேலை. வாய்விட்டு எண்ணச் சொல்வதற்கும் காரணம் உண்டு: எண்ணுகிற வாய் மூச்சை அடக்காது, மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் குப்பென்று ஏறும். ஓசூரில் எண்ணுவதே ஒரு கச்சேரி. ஒரே வட்டத்தில் ‘ஒண்ணு’ என்பவரும், ‘ஒந்து’ என்கிற கன்னடக்காரரும், ‘ஒகட்டி’ என்கிற தெலுங்குக்காரரும், ‘ஏக்’ என்கிற உருதுக்காரரும் இருப்பார்கள். ஒரு சுற்று ஒரு பாஷை என்று விட்டால் யாருக்கும் அந்நியம் இருக்காது. விளக்கம் குறைவாக, செய்துகாட்டுவது அதிகமாக இருக்க வேண்டியதும் இதனாலேயே. காது மந்தமானவருக்குத் தமிழானாலும் தெலுங்கானாலும் ஒன்றுதான்.

அடுத்த திறமை, பத்துப் பேருக்கும் ஒரே பயிற்சியை மூன்று உயரத்தில் கொடுப்பது. முட்டி வலிக்காரருக்கு இருக்கையின் மேல் மடித்த போர்வை போட்டு உயரத்தைக் கூட்டி, பாதித் தூரம் எழச் சொல்வது. நடுத்தரமானவருக்குச் சாதாரண நாற்காலி. வலுவானவருக்கு நெஞ்சோடு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு எழச் சொல்வது. ‘அவர் பண்றாரே’ என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்து வீம்பு பிடிக்கிறவரை வட்டத்தின் அந்தக் கடைசிக்கு மாற்றி உட்காரவைப்பதும் ஒரு தொழில்நுட்பமே. பத்து முறை செய்தால் கடைசி இரண்டும் சிரமமாக இருக்க வேண்டும். சிரமம் போய்விட்டால் சுமை ஏற வேண்டும். ஏற்றாத குழு மூன்றே மாதத்தில் நல்ல அரட்டைக் குழுவாகிவிடும். அரட்டையும் தேவைதான், தனியாக இருப்பவர்களுக்கு அது பாதி மருந்து. ஆனால் அதற்கு வலுப் பயிற்சி என்று பெயர் வைக்க முடியாது. சமநிலைப் பயிற்சியில் தடுமாற வைப்பதே நோக்கம் என்பதால் இடம் முக்கியம்: சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்று, எதிரே நாற்காலி முதுகில் விரல் நுனி மட்டும் தொட்டு, ஒரு காலுக்கு முன்னால் மறு காலை வைத்து நிற்பது, பிறகு ஒரு விரல், பிறகு விரலையும் எடுப்பது. மிக வலுக்குறைந்தவர் எப்போதும் நடத்துகிறவரின் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

தரையிலிருந்து எழுவதைக் கற்றுத்தராத குழு பாதி வேலைதான் செய்கிறது. விழுந்த பிறகு மணிக்கணக்கில் தரையில் கிடப்பது, விழுந்த அடியைவிடக் கெடுதல். பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, நாலு காலில் நின்று, நாற்காலிவரை தவழ்ந்து, ஒரு முட்டியை மடக்கிப் பாதம் ஊன்றி எழுவது என்று படிப்படியாக, பாய் விரித்துச் செய்துபார்க்க வேண்டும். பிள்ளைகள் இரவு ஷிப்டுக்குப் போய்விட்ட வீட்டில் இந்த ஐந்து நிமிடப் பாடத்துக்கு விலையே கிடையாது.

பெட்டிச் செய்தி: என்னென்ன வேண்டும்?

சக்கரமோ ஆட்டமோ இல்லாத உறுதியான நாற்காலி ஆளுக்கொன்று. மெல்லிய பிளாஸ்டிக் நாற்காலி என்றால் சுவரோடு ஒட்டியே போட வேண்டும். அரை லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர் என்றால் அரைக் கிலோ, ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. அதே லிட்டர் பாட்டிலில் காய்ந்த மணல் என்றால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. பழைய ஜீன்ஸ் துணியில் இரண்டு கண்ணறை தைத்து மணல் போட்டால் கணுக்கால் பட்டை. ஒரு துண்டு, ஒரு பாய், சுவர்க் கடிகாரம், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று, வருகையும் எடையும் எழுத ஒரு நோட்டு. வழுக்கும் டைல்ஸ் தரை கூடாது. வெறும் சிமென்ட் தரை நல்லது.

‘உழைச்ச உடம்புக்கு எக்சர்சைஸ் எதுக்கு?’

தளிப் பக்கம் போய் இதைப் பேசினால் முதலில் வருகிற பதில் இதுவாகத்தான் இருக்கும், அதில் நியாயமும் இருக்கிறது. நாற்பது வருடம் மண்வெட்டி பிடித்தவரிடம், அல்லது எட்டு மணி நேரம் நின்றபடியே வண்டிக்கு நட்டு முடுக்கியவரிடம் போய் ‘உடம்பை அசையுங்கள்’ என்பது கேலியாகக்கூடத் தோன்றும். வேலையும் பயிற்சியும் உடம்புக்கு ஒன்றில்லை. வேலையில் ஒரே தசை, ஒரே அசைவு, ஓய்வைத் தீர்மானிப்பது முதலாளி. பயிற்சியில் சுமையையும் ஓய்வையும் தீர்மானிப்பது செய்பவர். டென்மார்க்கின் ஆந்திரேயாஸ் ஹோல்டர்மன் குழு கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பார்த்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வுநேர உடலுழைப்பு அதிகமானவர்களுக்கு இதய நோய் ஆபத்துக் குறைவாகவும், வேலையிடத்தில் கடும் உடலுழைப்பு செய்தவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. வறுமை, புகை போன்ற பிற காரணங்களை முழுதாகப் பிரித்துவிட்டார்களா என்ற விவாதம் நடக்கிறது. இருந்தாலும், உழைத்த உடம்பு தானாகவே காப்பாற்றப்பட்ட உடம்பு என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டுவிட்டது. உழைத்தவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி அதிகம் தேவை என்பது என் துணிபு: ஓய்வுபெற்ற மறுநாளே அந்த அரைகுறை உழைப்பும் நின்று, டி.வி. முன் நாற்காலி வந்துவிடுகிறது.

‘முட்டி தேய்ஞ்சுபோச்சு, இன்னும் எழுந்து உட்கார்ந்தா மிச்சமும் தேய்ஞ்சிடும்’ என்பது அடுத்தது. முழங்கால் வெறும் இரும்புக் கீல் என்றால் இது சரி. மூட்டைத் தாங்குவது சுற்றியிருக்கும் தசை. தசை இளைத்தால் பாரம் முழுக்க மூட்டின் மேல் இறங்குகிறது. 2015இன் காக்ரேன் தொகுப்பாய்வு முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் பங்கேற்ற 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சி வலியைக் குறைக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரமும், அன்றாட வேலையை எளிதாக்குகிறது என்பதற்கு நடுத்தரமான ஆதாரமும் இருந்தன. முதல் இரண்டு வாரம் வலி சற்றுக் கூடக்கூடும் என்பதை நடத்துகிறவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் வாரம் நாற்காலி காலி. வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் சரி. இறங்காவிட்டால் சுமையைக் குறைக்க வேண்டும்.

யோகா இருக்கிறதே என்பவர்களுக்கும் பதில் உண்டு. யோகாவில் சமநிலை இருக்கிறது, மூச்சு இருக்கிறது, மனசுக்கும் நல்லது. ஆனால் பாயில் உட்கார்ந்து தொடங்கும் எந்தப் பயிற்சியும், பாயில் உட்கார முடியாதவர்களை வாசலிலேயே வடிகட்டிவிடுகிறது. நமக்கு வேண்டியவர்கள் அந்த வாசலில் நிற்கிறவர்கள்தாம். நாற்காலியில் செய்யும் ஆசனங்களோடு சுமையும் சேரட்டும்; யாருக்கும் சண்டையில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் இயன்முறை மருத்துவர்களிடமிருந்து வருவது: படிக்காத ஒருவர் கையில் எழுபது வயது உடம்பைக் கொடுக்கலாமா? இதைத் தள்ளிவிட முடியாது. பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடித்துடிப்பை வைத்து உழைப்பை அளக்க முடியாது. பேச முடிகிறதா, பாட முடியாத அளவுக்கு இரைக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சர்க்கரைக்காரரின் மரத்துப்போன பாதத்தில் ஏறிய கல் அவருக்கே தெரியாது. எலும்பு மெலிந்தவரை எடையோடு குனியவைத்தால் முதுகெலும்பு நசுங்கலாம். இதெல்லாம் தெரியாதவர் நடத்தக் கூடாதுதான். ஆனால் பயிற்சி பெற்றவர் நடத்திய குழுக்களில் பெரிய பாதிப்புகள் மிக அரிதாகவே பதிவாகியிருக்கின்றன. பயிற்சியே இல்லாமல் உட்கார்ந்திருப்பதன் பாதிப்பை யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை என்பதால், அது பாதுகாப்பானதுபோலத் தோன்றுகிறது. வழி, வேலையைப் பிரித்துக்கொள்வது. இயன்முறை மருத்துவர் ஒவ்வொருவரையும் ஒரு முறை பரிசோதித்துச் சேர்ப்பவராகவும், நடத்துகிறவர்களைப் பயிற்றுவிப்பவராகவும், மாதம் ஒரு நாள் வந்து பார்ப்பவராகவும் இருக்கட்டும். அண்மையில் பக்கவாதமோ எலும்பு முறிவோ மாரடைப்போ வந்தவர் குழுவுக்கு வராமல் அவரிடமே போகட்டும்.

பெட்டிச் செய்தி: உடனே நிறுத்துங்கள்

நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, திடீர்த் தலைசுற்றல், குளிர் வியர்வை, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் எது வந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். தொடங்குமுன் ரத்த அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை, ஆரம்ப சுகாதார நிலையம்தான். இன்சுலின் போடுபவர் வெறும் வயிற்றில் வரக் கூடாது. சர்க்கரையோ வெல்லமோ கூடத்தில் கையிருப்பு வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு நாட்களில் விடுமுறை. மார்கழிக் குளிரில் விடியற்காலை வேண்டாம். பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின் பத்து மணி வசதி.

குழு இந்த மண்ணுக்குப் புதிதில்லை

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் வேர்விட்டது 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தருமபுரி மாவட்டத்தில். அன்றைய தருமபுரிக்குள்தான் இன்றைய கிருஷ்ணகிரியும் ஓசூரும் இருந்தன. 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. பன்னிரண்டிலிருந்து இருபது பேர், வாரம் தவறாத கூட்டம், வருகைப் பதிவு, சுழற்சியில் பொறுப்பு, ஊரிலேயே ஓர் ஊக்குநர். முதியோர் பயிற்சிக் குழுவுக்கு வேண்டிய எலும்புக்கூடு இதுவேதான். அன்று முப்பது வயதில் அந்தக் குழுக்களில் சேர்ந்தவர்கள் 2025இல் அறுபத்தாறு வயதுக்காரர்கள். வாராவாரம் கூடுவதில் அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடன் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு, அவ்வளவுதான். ‘மக்களைத் தேடி மருத்துவ’த்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள்தாம். ஆனால் அவர்கள் தலையிலேயே இதையும் கட்டுவது தவறு. வீடு வீடாக அலைந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறவரிடம் வாரம் மூன்று மணி நேரத்தைப் பிடுங்கினால் இரண்டும் கெடும். அவர் செய்ய வேண்டியது ஒன்றே: நாற்காலிச் சோதனையில் தேறாதவரைக் குழுவுக்கு அனுப்பிவைப்பது.

நகரப் பகுதியில் நடத்துகிறவரை எங்கே தேடுவது? அண்மையில் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்களிடம் என்பது என் யோசனை. ஷிப்டு தொடங்குமுன் ஆட்களை நிறுத்தி அன்றைய வேலையைச் சொல்லி, பாதுகாப்பு விதியை நினைவூட்டி, ஒவ்வொரு அசைவையும் ஒரே முறையில் செய்யவைத்து, எண்ணிக்கையைப் பலகையில் எழுதிப் பழகிய மேற்பார்வையாளர்கள் ஓசூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். முதியோர் குழு கேட்கும் ஒழுங்கும் அதுதான். அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியது மனித உடம்பை மட்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இங்கே டார்கெட் கிடையாது. பெண்கள் குழுவுக்குப் பெண் நடத்துநரே பொருத்தம். புடவையோடு கால் தூக்கத் தயங்குகிறவர் ஆண் முன்னால் தூக்கவே மாட்டார்.

உள்ளூர்ச் சாமானியர் தலைமையில் குழு நிலைக்குமா என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த கேரள நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் அறுபது பகுதிகளிலிருந்து 1,007 பேர் பங்கேற்றார்கள். அவற்றில் பாதிப் பகுதிகளில், குழுவிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தவர்கள் கூட்டங்களை முன்னின்று நடத்தினார்கள். 2018இல் வெளியான முடிவில், இரண்டாண்டில் நீரிழிவு வருவது குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காய்கனி உண்பது கூடியது, குடிப்பது குறைந்தது, வாழ்க்கைத் தரம் சற்று மேம்பட்டது. சாமானியத் தலைமை குழுவைத் தாங்கும், அற்புதம் செய்யாது என்று இதைப் படிக்கலாம். வலுப் பயிற்சியில் சுமையும் அளவும் தெளிவாக இருப்பதால் பலன் எளிதில் கண்ணுக்குத் தெரியும் என்பது நமக்குச் சாதகம். நோட்டில் எழுதியிருக்கும் 7, 9, 11 என்ற எண்களே அடுத்த வாரம் ஆளை வரவைக்கும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேழ்வரகுக் களி இந்தப் பகுதியின் பெருமை. சுண்ணாம்புச் சத்தில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் தசை கட்டப் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையக் கூடாது என்கிறார்கள் வல்லுநர்கள். களிக்குக் கீரைக் குழம்பு மட்டும் ஊற்றிக்கொண்டால் கணக்கு இடிக்கும். கொள்ளு, அவரைப் பருப்பு, முட்டை, மோர் எல்லாம் வீட்டில் இருப்பவைதாம். பெரியவர்கள் அவற்றைப் பேரப்பிள்ளைகள் தட்டுக்குத் தள்ளிவிடுவதுதான் சிக்கல்.

காசு எங்கிருந்து வரும்?

செலவு என்று பார்த்தால் கட்டடம் இல்லை, இயந்திரம் இல்லை. சமுதாயக் கூடமோ மகளிர் குழுக் கட்டடமோ பெரும்பாலான ஊர்களில் பகலில் பூட்டித்தான் கிடக்கிறது. செலவெல்லாம் நடத்துகிறவரின் பயிற்சிக்கும் மதிப்பூதியத்துக்கும், இயன்முறை மருத்துவரின் மாத வருகைக்கும்தான். சேவை மனப்பான்மையில் ஆறு மாதம் இலவசமாக நடத்தலாம்; ஏழாவது மாதம் பேத்திக்குக் காதுகுத்து, எட்டாவது மாதம் மாங்காய்ப் பறிப்பு, ஒன்பதாவது மாதம் கூட்டம் இல்லை. ஊதியம் கொடுத்தால்தான் ‘ஏன் நடக்கவில்லை’ என்று கேட்க உரிமை வரும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அதன் ஏழாம் அட்டவணையில் மூத்த குடிமக்களுக்கான பகல்நேர மையங்களும் வசதிகளும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. ஓசூரைப்போல இந்தப் பணம் கிட்டத்திலேயே இருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் குறைவு. அந்த முதியவர்களில் பலர் அந்த ஆலைகளிலேயே வேர்வை சிந்தியவர்கள் என்பதும் உண்மை. இந்தச் செலவில் ஒரு குறை இருக்கிறது: பெயர்ப்பலகை மாட்டச் சுவர் கிடைக்காது. பூங்காக் கருவிகள் ஏன் அவ்வளவு எளிதில் வந்துவிடுகின்றன, பயிற்சியாளர் ஊதியம் ஏன் வருவதில்லை என்பதற்கு அதுவே பாதி விளக்கம்.

ஊராட்சிகளில் வழி இன்னும் நேரானது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்தில் மூன்று தீர்மானம் போதும். செவ்வாய், வியாழன், சனி காலை பத்திலிருந்து பதினொன்று வரை கூடத்தின் சாவி யாரிடம் இருக்கும். நடத்துகிறவர் யார், மாதம் எவ்வளவு. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து இயன்முறை மருத்துவர் மாதத்தில் எந்த நாள் வருவார். இந்த மூன்றுக்கும் பெயரும் தேதியும் எழுதாமல் ‘முதியோர் நலனுக்கு ஆவன செய்யப்படும்’ என்று மட்டும் நோட்டில் ஏறினால், கூட்டத்தில் இருக்கிற யாராவது ஒருவர் எழுந்து கேட்க வேண்டும்.